வினைக்குப் பின்வரும் சிறுசொல்: ஃபக்கீர் சந்தின் அகராதி முதல் பணித்தேர்வு வினாத்தாள் வரை

1883ஆம் ஆண்டு ஓர் ஆங்கில–இந்துஸ்தானி அகராதி வெளிவந்தது. அதைத் தொகுத்த எஸ்.டபிள்யூ. ஃபாலன் மூன்றாண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார். நூலின் முகப்பில் அவர் பெயரை அடுத்து, டெல்லியைச் சேர்ந்த லாலா ஃபக்கீர் சந்த் இப்பணியில் துணைநின்றார் என்ற குறிப்பு காணப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் ஆங்கில இலக்கியத்திலிருந்து மட்டுமன்றிப் பேச்சு ஆங்கிலத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை என்பதையும் அம்முகப்பே அறிவிக்கிறது. டெல்லியில் ஆங்கிலம் பயின்றவர்களின் வரலாற்றை எழுத முனைவோர் இந்த இரண்டாவது அறிவிப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நூல் ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பதும் பேச்சு ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பதும் ஒன்றல்ல. பின்னதில் மொழிபெயர்ப்பாளரை முதலில் மறிப்பவை பெருஞ்சொற்கள் அல்ல. 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்', 'ஆன்' முதலிய ஈரெழுத்து, மூவெழுத்துச் சிறுசொற்களே.

'டேக்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். தனியே நின்றால் எடுத்தல் என்று பொருள்படும். 'டேக் ஆஃப்' என்றால் களைதல். ஒருவரைப் போல நடித்துக் காட்டிக் கேலி செய்தலும் அதுவே. 'டேக் இன்' என்றால் உள்ளே ஏற்றல், ஏமாற்றல் இரண்டும். 'டேக் ஆஃப்டர்' என்றால் பெற்றோரின் சாயலில் இருத்தல். வினையின் பொருளும் சிறுசொல்லின் பொருளும் தனித்தனியே தெரிந்த ஒருவருக்குச் சேர்க்கையின் பொருள் தெரிந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆங்கிலத்தின் 'டேக் ஆஃப்' போலவே இந்துஸ்தானியிலும் ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதை 'நகல் உதார்னா' என்பர். உதார்னா என்பதும் களைதல், இறக்குதல் என்னும் பொருள் கொண்ட வினைதான். ஆங்கிலச் சிறுசொல்லுக்கும் டெல்லிப் பேச்சுக்கும் இப்படித் தற்செயலாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. பொருந்தாத இடங்களே மிகுதி.

இந்தச் சேர்க்கைகளில் குறைந்தது இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். 'லுக் அப் த வேர்ட்' என்னும் தொடரில் 'அப்' ஒரு வினையடை, வினையோடு ஒட்டியது. ஆகவே பிரதிப்பெயர் வரும்போது 'லுக் இட் அப்' என்று செயப்படுபொருள் நடுவே புகுந்துகொள்ளும்; 'லுக் அப் இட்' என்று எவரும் கூறார். 'லுக் அட் த வேர்ட்' என்னும் தொடரில் 'அட்' ஒரு முன்னிடைச்சொல்; பெயரைச் சார்ந்தது. அங்கே 'லுக் அட் இட்' என்பதே வழக்கு. நடுவே புக இடமில்லை. குன்றின்மேல் ஓடினான் என்பதும் கடனைப் பெருக்கிக்கொண்டான் என்பதும் ஆங்கிலத்தில் 'ரன் அப்' என்ற ஒரே வடிவைப் பெறுகின்றன. முன்னதில் 'அப்' குன்றைச் சார்ந்தது. பின்னதில் வினையைச் சார்ந்தது. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்), 'லுக் ஃபார்வர்ட் டூ' (ஆவலோடு எதிர்நோக்கு) போன்றவற்றில் வினை, வினையடை, முன்னிடைச்சொல் மூன்றும் வரிசையாக வருகின்றன.

ஆங்கிலத்துக்கு இந்த இயல்பு எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பல வினைக்கு முன்னொட்டாக நின்றன. இன்றைய ஜெர்மானிய மொழியில் அந்த அமைப்பு வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னொட்டுகள் தேய்ந்தன. சிறுசொற்கள் வினைக்குப் பின்னே நகர்ந்தன. 1066க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சும், அதையடுத்து லத்தீனும் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் கல்விக்கும் உரிய வினைகளைக் கொண்டுவந்தன. அதனால் ஒரே செயலுக்கு இரு வினைகள் அமைந்தன. ஒத்திவைத்தலுக்கு வீட்டில் 'புட் ஆஃப்', அலுவலகத்தில் 'போஸ்ட்போன்'. நுழைதலுக்கு வீட்டில் 'கோ இன்', ஏட்டில் 'என்டர்'. 1755இல் தம் அகராதியின் முன்னுரையை எழுதிய சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின் சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கமே அயலாருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று கருதி, அத்தகைய சேர்க்கைகளை அக்கறையோடு தொகுத்ததாகக் குறிப்பிட்டார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது வெகு பிந்தியே. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் அப்பெயரைத் தம் நூலில் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தந்த பெயர் என்றும் சொன்னார். தமிழில் சொற்றொடர்வினை எனலாம்.

டெல்லிக்கு ஆங்கிலம் வந்தது வீட்டுவழி அன்று, ஏட்டுவழி. 1825இல் டெல்லிக் கல்லூரி கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதியுதவியோடு சீரமைக்கப்பட்டது. 1828இல் அங்கு ஆங்கில வகுப்பு தொடங்கியது. 1840களில் ஃபெலிக்ஸ் பூத்ரோ, அலோய்ஸ் ஸ்ப்ரெங்கர் ஆகியோர் முதல்வர்களாக இருந்த காலத்தில், ஆங்கில நூல்கள் உருதுவில் பெயர்க்கப்பட்டுப் பாடமாயின. கணித அறிஞர் மாஸ்டர் ராமச்சந்திரர் இச்சூழலில் உருவானவர். அங்கே பயின்ற நஸீர் அகமது பின்னாளில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவில் பெயர்க்கும் பணியில் பங்கேற்றார். 1857 கலகத்தில் கல்லூரி சூறையாடப்பட்டது. 1864இல் மீண்டும் திறக்கப்பட்டு 1877இல் ஆங்கிலேய அரசால் மூடப்பட்டது. இன்றைய ஜாகிர் உசேன் டெல்லிக் கல்லூரி அதன் வழித்தோன்றல்.

கணிதமும் இயற்பியலும் சட்டமும் லத்தீன் வேர் கொண்ட வினைகளால் ஆனவை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அரபு, பாரசீக வேர்களிலிருந்து அவற்றுக்கு ஈடு காண முடிந்தது. தண்டனைச் சட்டத்தைப் பெயர்த்தவருக்கு 'புட் ஆஃப்' எதிர்ப்படுவது அரிது. இந்தப் பயிற்சியில் வளர்ந்த ஆங்கிலம் கனத்த சொற்களில் வலிமையும் சிறுசொற்களில் தயக்கமும் கொண்டிருந்ததில் வியப்பில்லை. 'ப்ரீபோன்' என்ற இந்தியச் சொல்லின் பிறப்பையும் இவ்வழியே விளங்கிக்கொள்ளலாம். குறித்த நாளுக்கு முன்பாக ஒரு நிகழ்ச்சியை நடத்த முடிவெடுத்தலை ஆங்கிலேயர் 'பிரிங் ஃபார்வர்ட்' என்னும் சொற்றொடர்வினையால் சுட்டுவர். இந்தியர் 'போஸ்ட்போன்' என்னும் லத்தீன் வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு, 'போஸ்ட்' இருந்த இடத்தில் 'ப்ரீ' வைத்துப் புதுச்சொல் ஆக்கினர். அது பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றது. அறியாமையால் பிறந்த சொல் என்று இதைத் தள்ளுவோர், லத்தீன் இலக்கணம் அறிந்தவரே இதை ஆக்கியிருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஃபாலனும் ஃபக்கீர் சந்தும் செய்தது இதற்கு எதிர்த்திசைப் பணி. ஃபாலன் 1879இல் வெளியிட்ட இந்துஸ்தானி–ஆங்கில அகராதியே ஏட்டு மொழியை ஒதுக்கி, மக்கள் பேச்சையும் பெண்கள் வழக்கையும் நாட்டுப்பாடல்களையும் ஆதாரமாகக் கொண்டது. அவரிடம் சில ஆண்டுகள் பணியாற்றிய சையத் அகமது தெஹ்ல்வி பின்னர் 'ஃபர்ஹங்-எ-ஆஸஃபியா' என்னும் பெரும் உருது அகராதியைத் தொகுத்தார். பேச்சுமொழியைப் பேச்சுமொழியால் பெயர்க்க முயன்ற இவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலம் சிறுசொல்லால் செய்வதை இந்துஸ்தானி இரண்டாவது வினையால் செய்கிறது. 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ள வேறுபாடு 'கானா' என்பதற்கும் 'கா ஜானா' என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு மிக நெருக்கமானது. தமிழிலும் அவ்வாறே. தின்றான், தின்றுவிட்டான், தின்று தீர்த்தான் என்பவை ஒன்றல்ல. எழுதிவிடு, எழுதிக்கொள், எழுதிப்பார், எழுதித்தொலை என்று துணைவினை மாற மாறச் செயலின் முடிவும், பயனும், பேசுபவரின் மனநிலையும் மாறுகின்றன. எழுதித்தொலை என்பதில் உள்ள எரிச்சலை ஆங்கிலத்தின் எந்தச் சிறுசொல்லாலும் முழுமையாகத் தரவியலாது. 'அப்' என்பதில் உள்ள நிறைவுப் பொருளைத் தமிழின் எந்தச் சொல்லுருபாலும் தரவியலாது. ஆகவே இந்திய மாணவருக்கு இந்த இலக்கணக் கூறு புதிதன்று. அது அமர்ந்திருக்கும் இடமே புதிது.

வடமொழி கற்றவருக்கு அந்த இடமும் புதிதன்று. ஹ்ரு என்னும் ஒரே வேர் முன்னொட்டு மாறியதால் ஆஹாரம், சம்ஹாரம், பரிஹாரம், விஹாரம் என்று தொடர்பற்ற பொருள்களைப் பெற்றதை மரபுவழி இலக்கண ஆசிரியர்கள் மாணவர்க்கு முதலில் காட்டுவர். உபசர்க்கம் எனப்படும் இந்த முன்னொட்டுகளுக்குத் தனிப்பொருள் உண்டா என்பதில் சாகடாயனருக்கும் கார்க்கியருக்கும் இருந்த கருத்துவேறுபாட்டை யாஸ்கரின் நிருக்தம் பதிவுசெய்கிறது. பிரிந்து நின்றால் பொருளில்லை என்பது சாகடாயனர் கொள்கை. பொருள் உண்டு, அதுவும் பலவகைப்படும் என்பது கார்க்கியர் கொள்கை. 'டேக் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' பொருளுடையதா என்று இன்றைய மொழியியலார் நடத்தும் விவாதம் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. பாணினியின் விதிப்படி உபசர்க்கம் வினைக்கு முன்னே நிற்கும். வேதமொழியில் பின்னேயும் வரலாம், இடையே பிற சொற்கள் புகவும் இடமுண்டு. 'லுக் இட் அப்' என்பதில் நிகழ்வதும் ஒருவகையில் இதுதான். இவை உறவுச்சொற்களும்கூட. வடமொழியின் 'அப' என்பதும் ஆங்கிலத்தின் 'ஆஃப்' என்பதும் ஒரு வேரின. 'உத்' என்பதும் 'அவுட்' என்பதும் அவ்வாறே. 'உபரி' என்பதும் 'ஓவர்' என்பதும் அவ்வாறே. ஆங்கில வகுப்பில் எந்த ஆசிரியரும் இதைச் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

சொல்லித் தரப்பட்டது பிழைப்பட்டியல். பம்பாய் மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வொர்த் 1907இல் 'இண்டியன் இங்கிலிஷ்' என்ற நூலை வெளியிட்டார். இந்தியர் எழுதும் ஆங்கிலத்தில் காணப்படும் மரபுத்தொடர்ப் பிழைகளை ஆராய்வது என்று அதன் துணைத்தலைப்பே உரைத்தது. அவர் அக்கறையோடு எழுதியவர். ஏளனம் அவர் நோக்கமன்று. ஆயினும் நூலின் அமைப்பே அதன் தீர்ப்பாகிவிட்டது. இந்தியர் எழுதியது ஒரு பக்கம், ஆங்கிலேயர் எழுதியிருக்கக்கூடியது மறுபக்கம். ஏன் அப்படி எழுதினர் என்ற வினாவைத் தாய்மொழிக்குள் சென்று கேட்கும் வழக்கம் அப்போது வலுப்பெறவில்லை.

கேட்டிருந்தால் விடை எளிதாகக் கிடைத்திருக்கும். வட இந்தியர் பலர் 'மேரீட் வித்' என்றும் 'அஃப்ரெய்ட் ஃப்ரம்' என்றும் எழுதுவர். இந்தியில் 'உஸ் ஸே ஷாதி', 'ஸாம்ப் ஸே டர்னா' என்று இரண்டிலும் 'ஸே' என்னும் உருபு வருகிறது. அது உடன்நிகழ்ச்சியையும் நீங்கலையும் ஒருங்கே சுட்டுவது. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'வித்' ஆகவும் மற்றோரிடத்தில் 'ஃப்ரம்' ஆகவும் பிரிந்துவிடுகிறது. தமிழர் 'மேரீட் வித்' என்று எழுதுவது குறைவு. அவளை மணந்தான் என்று தமிழ் இரண்டாம் வேற்றுமையை ஆள்வதால், ஆங்கிலத்தின் நேர்ச் செயப்படுபொருள் அவர்க்கு இயல்பாக அமைந்துவிடுகிறது. இதில் தமிழர்க்குப் பெருமையும் இல்லை, வடவர்க்குச் சிறுமையும் இல்லை. உருபு பொருந்தியது, அவ்வளவே. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். இதைப் பற்றி விவாதித்தோம் என்பது தமிழ். 'இஸ்கே பாரே மே சர்ச்சா' என்பது இந்தி.

அச்சத்தின் காரணம் எவ்வுருபை ஏற்கும் என்ற இதே வினாவை இந்திய இலக்கணிகள் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியிருக்கின்றனர். பாணினி அதற்கு நீங்கல் பொருளைக் குறிக்கும் ஐந்தாம் வேற்றுமையை விதித்தார். இந்தியின் 'ஸே' அந்த வழியிலேயே வருகிறது. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில், அச்சப்பொருளில் ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒப்ப வரும் என்றார். கள்ளரின் அஞ்சும், கள்ளரை அஞ்சும் என இரண்டும் வழக்காறு ஆதலின் இரண்டும் ஏற்புடையன. உருபுகள் மயங்கும் இடங்களுக்கென்றே தனி இயல் வகுத்து, வழங்குவதை வழங்குமாறே தொகுத்த நூல் அது. விட்வொர்த்தின் நூலையும் அந்த இயலையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு, வழக்கை விளக்கும் இலக்கணத்துக்கும் வழக்கைத் திருத்தும் இலக்கணத்துக்கும் உள்ள இடைவெளி விளங்கும்.

விட்வொர்த்தின் பட்டியலை விடப் பன்மடங்கு கைகளில் தவழ்ந்தது 'ரென் அண்ட் மார்ட்டின்'. 1930களில் பம்பாயிலிருந்து வெளிவந்த அந்த உயர்நிலைப்பள்ளி இலக்கண நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பி.சி. ரென், 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்னும் சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர். பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். பிற்காலத்தில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பை டெல்லியின் எஸ். சந்த் நிறுவனம் அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. எந்த வினைக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் வரும் என்ற அகரவரிசைப் பட்டியல் அதில் உண்டு. மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற வடிவம். ஒரு காலத்து இங்கிலாந்தின் ஏட்டுவழக்கு, அந்நாட்டிலேயே நெகிழ்ந்த பின்னும், டெல்லி அச்சகங்களில் நெகிழாமல் நின்றது.

இதே காலத்தில் வேறு சிலர் வேறு வழியில் சென்றனர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்கு உண்மையில் எந்தச் சொற்கள் தேவை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். அந்த முயற்சி 1953ஆம் ஆண்டின் பொதுப்பயன் சொற்பட்டியலில் நிறைவுற்றது. டோக்கியோவில் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, வினை எந்தெந்தத் தொடரமைப்புகளில் வரும் என்பதைக் காட்டும் அகராதியை 1942இல் வெளியிட்டார். முன்னிடைச்சொல்லும் வினையடையும் ஏற்கும் வினைகளுக்கென்றே கோவியும் மேக்கினும் 1975இல் தனியகராதி தந்தனர். ஆங்கிலத்தின் இந்தப் பகுதியைத் தெளிவாகக் கண்டவர்களுள் பலர் அதை அயலாருக்குக் கற்பித்தவர்கள்.

பட்டியல்காரர்கள் தரும் நியாயத்தையும் சோதிக்கலாம். 'டிஸ்கஸ்' என்பதிலேயே 'அபௌட்' அடங்கியிருக்கிறது, 'ரிட்டர்ன்' என்பதிலேயே 'பேக்' அடங்கியிருக்கிறது, ஆகவே மிகை என்பர். அப்படியானால் 'அட்ஹியர் டூ' எவ்வாறு சரியாகும்? 'அட்' என்ற லத்தீன் முன்னொட்டே 'டூ' என்று பொருள்படும். 'கம்பேர் வித்' என்பதில் 'காம்' என்பதே 'வித்'. 'எக்ஸ்பெல் ஃப்ரம்' என்பதில் 'எக்ஸ்' என்பதே 'அவுட் ஆஃப்'. இரட்டிப்பு அங்கெல்லாம் மரபு, இங்கே குற்றம். தீர்ப்பை மறுத்துப் போராடுதலை ஆங்கிலேயர் 'ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்' என்பர். அமெரிக்கர் 'அகெய்ன்ஸ்ட்' இன்றியே எழுதுவர். 'மீட்' என்பதோடு 'வித்' சேர்ப்பது அமெரிக்காவில் இயல்பு. இவற்றை நாட்டு வழக்கு என்பர். இந்தியர் சேர்த்த 'அபௌட்' நாட்டு வழக்காகக் கருதப்படாமைக்கு இலக்கணத்தில் காரணம் தேடிப் பயனில்லை.

டெல்லி அலுவலகங்களோ தமக்கென ஒரு வழக்கைச் சத்தமின்றி ஆக்கிக்கொண்டன. 1911இல் தலைநகர மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புது டெல்லி திறக்கப்பட்டபோது, கல்கத்தாவிலும் சிம்லாவிலும் வளர்ந்த கோப்பு முறையும் உடன் வந்தது. கோப்புகளில் குறிப்பின்மேல் குறிப்பு எழுதப்படுவதைக் கண்டு கர்சன் பிரபு சலித்துக்கொண்டது அதற்கு முந்திய கதை. எழுத்தர்களில் சென்னை மாகாணத்தவர் கணிசமாக இருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1920களிலேயே மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுக்கு அதுவே மூலம். இவர்கள் நாள்தோறும் எழுதிய தொடர் 'புட் அப்'. கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கும் ஆணைக்கும் சமர்ப்பித்தல் என்பது அதன் பொருள். இன்றைய லண்டன்வாசிக்கு 'புட் அப்' என்றால் விருந்தினரைத் தங்கவைத்தல், சுவரில் மாட்டுதல், விலையை உயர்த்துதல். கோப்பை 'புட் அப்' செய்க என்ற ஆணை அவரைத் திகைக்க வைக்கும். ஆயினும் வேண்டுதலையும் விண்ணப்பத்தையும் மேலே செலுத்துதல் என்ற பொருளில் பழைய ஆங்கிலேயர் இச்சேர்க்கையை ஆண்டனர். டெல்லி அதன் ஒரு கிளையைக் காத்து, வளர்த்துக்கொண்டது.

இத்தொடர் இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்ட விதம் சுவையானது. இந்தியில் 'ஆதேஷார்த் ப்ரஸ்துத்'. தமிழில் ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. ப்ரஸ்துத் என்பதில் 'ப்ர' உபசர்க்கம்; சமர்ப்பித்தல் என்பதில் 'சம்' உபசர்க்கம். ஆங்கிலத்தின் பின்வரும் சிறுசொல்லுக்கு ஈடாக, பெயர்த்தவர் அறிந்தோ அறியாமலோ, இரு மொழிகளிலும் முன்வரும் சிறுசொல்லே வந்து அமர்ந்திருக்கிறது.

'பாஸ் அவுட்' என்பதன் வரலாறும் இத்தகையதே. படிப்பை முடித்து வெளியேறுதல் என்று இந்தியர் இதை வழங்க, மயங்கி விழுதல் என்ற பொருளைச் சுட்டி நகைப்போர் பலர். ஆனால் இராணுவப் பயிற்சியை நிறைவுசெய்தலை ஆங்கிலேயரும் 'பாஸ் அவுட்' என்றே கூறுவர். நிறைவு அணிவகுப்புக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேட்'. இந்தியர் அதைப் படைப்பள்ளியிலிருந்து கல்லூரிக்கு விரித்தனர். 'கோப் அப் வித்' என்பது 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' என்பவற்றின் சாயலில் எழுந்த ஒப்புமையாக்கம். ஒப்புமையால் சொல் பிறப்பது எல்லா மொழிகளுக்கும் பொது.

1970களின் இறுதியிலிருந்து ஆய்வுலகின் பார்வை மாறியது. பாரு நிஹலானி, ஆர்.கே. டாங், பிரியா ஹொசாலி ஆகியோரின் கையேடு 1979இல் ஆக்ஸ்ஃபோர்டின் டெல்லிக் கிளையிலிருந்து வந்தது. இந்திய வழக்கையும் பிரித்தானிய வழக்கையும் ஒப்பிட்ட அந்நூலின் சொல்லாட்சியில் பிழை என்பதினும் வேறுபாடு என்பது முன்னின்றது. காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பிரஜ் கச்ருவின் 'ஆங்கிலத்தின் இந்தியமயமாக்கம்' 1983இல் அதே கிளையின் வெளியீடு. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி, 1978இல் அச்சான இந்திய எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை உருவாக்கினார். அதன்பின் எந்த வினை எந்தச் சிறுசொல்லோடு எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணிச் சொல்ல முடிந்தது. பின்வந்த ஜாய்பிரதோ முகர்ஜி முதலியோர் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் தொகுப்பைக் கொண்டு இந்திய ஆங்கில வினைகளின் அமைப்பை ஆராய்ந்தனர். எதிர்ப்பும் இருந்தது. கற்பிக்க ஒரு தரநிலை வேண்டும், அதை மறுப்பது மாணவரையே பாதிக்கும் என்று ராண்டால்ஃப் குவர்க் 1990இல் எழுதினார். மறு ஆண்டே கச்ரு மறுப்புரைத்தார். குவர்க்கின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தரநிலை அறியாத மாணவர் பணியிழப்பது உண்மை. எந்தத் தரநிலை, எந்த ஆண்டின் தரநிலை, எந்த நாட்டின் தரநிலை என்பதற்கு அவ்வாதத்தில் விடை போதாது.

இந்த விவாதம் டெல்லியின் மற்றொரு பகுதியை எட்டவில்லை. முகர்ஜி நகரின் பயிற்சி மையங்களில், லோதி சாலையிலுள்ள பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் இன்றும் வினைக்கு முன்னிடைச்சொல் இணைத்து மனனம் செய்கின்றனர். சீர்காழியிலிருந்து வந்தவரும் சீதாமடியிலிருந்து வந்தவரும் அருகருகே அமர்ந்து ஒரே பட்டியலைப் படிக்கின்றனர். இருவர் தாய்மொழிகளும் இருவேறு இடங்களில் அவர்களை இடறச் செய்யும் என்பதைப் பயிற்சி நூல் சொல்வதில்லை. பிழை கண்டறியும் வினாக்களில் தொடர் பகுதிகளாகப் பிரித்துத் தரப்படும். ஒரு பகுதியில் 'டிஸ்கஸ் அபௌட்' இருக்கும். குறித்தவருக்கு மதிப்பெண், தவறவிட்டவருக்கு இழப்பு. மதிப்பெண்ணில் சிறு பின்னமே தரவரிசையில் பல இடங்களைத் தள்ளிவிடும் தேர்வுகள் இவை. வென்று வருபவர் அமைச்சகத்தில் அமர்ந்த முதல் நாளே, எந்தப் பட்டியலிலும் தாம் படிக்காத பொருளில், கோப்பை 'புட் அப்' செய்யுமாறு பணிக்கப்படுவார். ஒரு வாரத்தில் தாமும் அவ்வாறே எழுதத் தொடங்குவார். அடுத்த ஆண்டின் தேர்வு அறிவிக்கை குறித்த கோப்பும் அந்தத் தொடரோடுதான் மேசை மேசையாக மேலேறிச் செல்லும்.